மூலப்பிரதி என்றொரு மோட்டார் சைக்கிள்

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களிடையே ஒரு சொல் அதிகாரம் செலுத்துகிறது: 'ஒரிஜினல்'. ஆலையிலிருந்து வந்த அதே பெயிண்ட், அதே போல்ட், இஞ்சினிலும் ஃபிரேமிலும் பொறித்த அதே எண்கள். எதையாவது மாற்றினால் மதிப்பு போச்சு. இந்தச் சொல்லையே சரித்திரத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

டுகாட்டியை எடுத்துக்கொள்வோம். 1926இல் பொலோன்யா நகரில் ரேடியோ கண்டென்சர் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1944இல் குண்டுவீச்சில் அதன் ஆலை நொறுங்கியது. 1946இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்தது, அவரவர் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் 48 சிசி இஞ்சின். பெயர் 'குச்சோலோ', அதாவது நாய்க்குட்டி. அதை வடிவமைத்ததும் டூரின் நகரத்து சியாட்டா நிறுவனம். ஆக, டுகாட்டி வண்டிகளின் தொடக்கமே யாரோ ஒருவரின் சைக்கிளில் செய்த மாற்றம்தான்.

1972 ஏப்ரல் 23, இமோலா 200 மைல் பந்தயம். பால் ஸ்மார்ட் முதலிடம், புரூனோ ஸ்பஜ்ஜாரி இரண்டாமிடம். பொறியாளர் ஃபாபியோ தாலியோனி அவர்களுக்குத் தந்த 750கள் ரோட்டு வண்டியின் ஃபிரேமில் கட்டியவை. சென்டர் ஸ்டாண்ட் மாட்டும் காதுகளைக்கூட அறுத்தெடுக்கவில்லை. 1974இல் வந்த 750 சூப்பர் ஸ்போர்ட், மாற்றியமைத்த அந்த வண்டிகளின் நகல். இன்று மூலமாகப் பூஜிக்கப்படுவது அந்த நகல்தான்.

இஞ்சினைப் பிரித்தால் வேறொரு சரித்திரம். கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது நீண்ட ஷாஃப்டும் பெவல் கியர்களும். அவை சரியாகக் கவ்வ, மெல்லிய ஷிம்களை மாற்றி மாற்றி வைத்துக் கையால் பொருத்தணும். ஒரு இஞ்சினுக்கு வைத்த கணக்கு அடுத்ததுக்கு உதவாது. அளவு, தொழிலாளியின் விரலில் இருந்தது. 1979இல் உற்பத்திக்கு வந்த பான்டா வண்டியில் ஷாஃப்டின் இடத்தைப் பல்வைத்த பெல்ட் பிடித்தது. அந்தக் கைவேலையும் அதற்கான கூலியும் மிச்சம். இன்று பழைய இஞ்சினுக்கு ஷிம் வைக்கும் மெக்கானிக், அந்தத் தொழிலாளி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். வண்டியின் விலைப் பட்டியலில் இருவருக்கும் இடமில்லை.

சரி, அப்ப டேங்கை என்ன செய்வது? 1974 வண்டியின் டேங்க் ஃபைபர் கிளாஸ். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் அது உப்பி இளகிவிடும். அலுமினிய டேங்க் மாட்டினால் வண்டி ஓடும், 'ஒரிஜினல்' போய்விடும். ஒரிஜினலாகவே இருக்கணும்னா பெட்ரோல் ஊற்றாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தணும்.

நான் டேங்கை மாற்றுபவர் பக்கம். மாற்றுவதுதான் இந்த வண்டியின் மரபு. நிறுத்திவைப்பவரிடம் இருப்பது ஒரு சொத்து. ஓட்டுபவரிடம்தான் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.