சிப்பாங்கில் இரண்டு முறை பிறந்த விமான நிலையம்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு நெடுங்காலம் பினாங்கும் கிள்ளான் துறைமுகமும்தான் மலேசியாவின் வாசல். 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்த வாசல் அடைபட்டது. அதன்பிறகு ஊருக்குப் போவதானாலும், பத்துமலைத் தைப்பூசத்துக்கு உறவினர் வருவதானாலும் விமானம்தான். விமானம் என்றால் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம்.

சுபாங்கே இடநெருக்கடிக்குப் பிறந்த பிள்ளைதான். 1950களில் கோலாலம்பூருக்கு வந்த விமானங்கள் சுங்கை பெசியில் இறங்கின. ஜெட் விமானங்களின் காலம் வந்ததும் அந்த இடம் போதவில்லை. 1965 ஆகஸ்டில் சுபாங் திறக்கப்பட்டது. அங்கும் 1983-இல் இரண்டாம் முனையம், 1993-இல் மூன்றாம் முனையம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். கூட்டம் அடங்கவில்லை.

பிரதமர் மகாதீரின் அரசு பெரிய கணக்காகப் போட்டது. நகருக்குத் தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், சிப்பாங்கில் 10,000 ஹெக்டேர் நிலம். முதல் கட்டத்தில் ஆண்டுக்கு 25 மில்லியன் பயணிகள். கடைசியில் 100 மில்லியன். கூட்டம் வருமுன்பே இடத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஒதுக்கிய இடம் ஆளில்லாத பூமி அல்ல. செம்பனைத் தோட்டங்களும் தெமுவான் பூர்வகுடிகளின் கிராமங்களும் அங்கே இருந்தன. சிப்பாங் தெமுவான்கள் பந்திங் பக்கம் புசுட் பாருவுக்கு மாற்றப்பட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் டெங்கில் புக்கிட் தம்போயிலும் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தவர்கள் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. அங்கு வாழ்ந்த தெமுவான்களான சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். மரபுவழி வந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு அதை உறுதி செய்தது. 2010-இல்தான் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் அந்தச் சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வண்டிகள் ஓடிவிட்டன.

1993-இல் தொடங்கிய வேலையில் 25,000-க்கும் மேற்பட்டோர் இரவு பகலாக உழைத்தார்கள். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, துணை முனையத்தின் நடுவிலேயே ஒரு காட்டை வளர்க்க இடம் விட்டார். 1998 ஜூன் 27-இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு (கேஎல்ஐஏ) திறப்பு விழா. 30-ஆம் தேதி விமானங்கள் வந்து இறங்கின. ஹாங்காங்கின் புதிய நிலையத்தை ஒரு வாரம் முந்தியாயிற்று. ஆனால் முதல் நாட்களில் பெட்டிகள் எங்கே போயின என்று தெரியாமல் பயணிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

பெட்டிச் சிக்கல் தீர்ந்தது. ஆள்தான் வரவில்லை. ஆசியப் பொருளாதார நெருக்கடி முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின.

இரண்டாம் பிறப்பு அந்த முனையத்தின் பளிங்குத் தரையில் நிகழவில்லை. 40 மில்லியன் ரிங்கிட் கடனோடு தவித்த ஏர் ஏசியா விமான நிறுவனத்தை 2001-இல் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கி, மலிவுக் கட்டணத்தில் விமானம் ஓட்டினார். பத்துமலையில் 140 அடி முருகன் சிலை எழுந்த அதே 2006-இல், மலிவுக் கட்டண விமானங்களுக்கென்று தனி முனையம் வந்தது. கொட்டகை போன்ற கட்டடம்; வெயிலில் நடந்து போய்ப் படியேற வேண்டும். யாரும் முகம் சுளிக்கவில்லை. 2008-இல் திருச்சிக்கு நேரடி விமானமும் வந்தபோது, கல்யாணச் செலவோடு டிக்கெட் செலவையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு சாதாரணக் குடும்பத்துக்கும் வந்தது.

ஆண்டுக்கு 10 மில்லியன் பேருக்குக் கட்டிய கொட்டகையை 15 மில்லியனுக்கு விரித்தும் போதவில்லை. 2014 மே மாதம், 45 மில்லியன் பேருக்கான கேஎல்ஐஏ2 திறக்கப்பட்டது. மூன்றாம் ஓடுபாதையும் சேர்ந்தது. 2019-இல் இரு முனையங்களிலுமாக வந்துபோனவர்கள் 62 மில்லியன்.

முதல் முறை அரசு இடத்தைக் கட்டிவிட்டு ஆளுக்குக் காத்திருந்தது. இரண்டாம் முறை ஆட்கள் வந்து நின்று இடம் கேட்டார்கள். முன்கூட்டியே வளைத்த 10,000 ஹெக்டேர் இல்லாவிட்டால் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்காது. அவர்கள் வராவிட்டால் அந்த நிலத்துக்கும் அர்த்தம் இருந்திருக்காது. 2023-இல் இரண்டுக்கும் முனையம் 1, முனையம் 2 என்று ஒரே வரிசையில் பெயர் வைத்தார்கள். கொட்டகையின் வாரிசுக்கு அது நியாயமான பங்கு. புக்கிட் தம்போய்க்காரர்களுக்குத்தான் நியாயம் பதினைந்து ஆண்டு தாமதமாக வந்தது. அடுத்த விரிவுக்கு வரைபடம் விரிப்பவர்கள் அந்தக் கணக்கையும் முதலிலேயே போட வேண்டும்.