புழல் ஏரி முதல் ஃபில்டர் ஜக் வரை: நம்ம வட சென்னைத் தண்ணியின் கதை



நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ராஜா ராணி கதை வேண்டாம், நம்ம குடிக்கிற தண்ணியின் கதையை எழுதுறேன்னு சொன்னேன். இப்போ குழுக் கூட்டத்துல உள்கடன் கேக்கும்போது "ஃபில்டர் வாங்கணும்"ங்கிற காரணம் அடிக்கடி வருது. "எதை வாங்கலாம்க்கா?"ன்னு கேக்குறவங்களுக்கு இந்தக் கதையிலேயே பதில் இருக்கு.

தண்ணியைச் சுத்தம் பண்றது நமக்குப் புதுசு இல்லை. கலங்கல் தண்ணி வந்தால் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசுவது தமிழ்நாட்டுப் பழைய வழக்கம். அழுக்கு திரண்டு அடியில் தங்கிவிடும். படிகாரம் போடுவதும், துணியில் வடிகட்டுவதும் இதே மாதிரிதான். ஆனால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அழுக்குக்கு. காலராக் கிருமி கண்ணுக்குத் தெரியாதே!

சென்னைக்கு ஊர்த் தண்ணி முதலில் வந்தது நம்ம பக்கத்தில் இருந்துதான். 1772-இல் ஏழுகிணறு வெட்டி, கோட்டைக்குத் தண்ணி கொண்டுபோனார்கள். ஊர் சனத்துக்கு அது கிடைக்கவில்லை. நூறு வருஷம் கழித்து, 1872-இல் புழல் ஏரித் தண்ணி கீழ்ப்பாக்கம் வரை வந்தது. அது திறந்த மண் கால்வாய். வழியில் விழுந்த தூசி, சாணி எல்லாம் சேர்ந்து, வடிகட்டாமலே குழாயில் போனது. 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டித் தொட்டிகள் வந்தன. மணல் வழியாகத் தண்ணி மெதுவாக இறங்கும். மணலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் வளரும். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் கெட்ட கிருமிகளைத் தின்றுவிடும். அன்றைக்கு வடிகட்டுற வேலையை ஊரே எடுத்துக்கொண்டது.

அப்புறம் எப்படி அந்த வேலை நம்ம அடுக்களைக்கு வந்தது? மூணு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், குழாய். ஏரியில் சுத்தம் செய்து அனுப்பினாலும், நாள் முழுக்கத் தண்ணி ஓடாத குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். நாம அடிபம்பில் அடிக்க அடிக்க இன்னும் இழுக்கும். கிருமியை லேசாக நினைக்க முடியாத ஊர் நம்ம ஊர். 1992-இல் ஓ139 என்கிற புதுவகைக் காலராக் கிருமி முதலில் தெரியவந்ததே சென்னையில்தான். சில மாதங்களுக்குள் அது கல்கத்தா, வங்கதேசம் வரை பரவியது.

இரண்டாவது, உப்பு. மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, மணலி தொழிற்சாலைகளுக்கும் ஊருக்கும் தண்ணி எடுத்தார்கள். விவசாயத்துக்கும் எடுத்தார்கள். நல்ல தண்ணி குறைந்த இடத்தில் கடல் தண்ணி நுழைந்தது. 1987-இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆனால் ஏறின உப்பு சட்டத்துக்குப் பயந்து இறங்குமா?

மூணாவது, தட்டுப்பாடு. 2003, 2004-இல் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி வந்தது. லாரி, கேன், குழாய், போர்னு ஒரே வீட்டுக்கு நாலு விதத் தண்ணி வந்தால், எது எப்படிப்பட்டதுன்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கவலை பொம்பளைங்க தலையில் விழுந்தது.

கடைக்காரர்களுக்கும் இது தெரிந்தது. கரண்ட் இல்லாமல் வேலை செய்யும் பியூர்இட் ஃபில்டரை 2004-இல் முதலில் விற்றுப் பார்த்ததே சென்னையில்தான். இப்போ விற்கிற ஃபில்டர் ஜக் ஜெர்மனியில் பிறந்தது. பிரிட்டா என்ற கம்பெனி 1970 வாக்கில் அதைக் கொண்டுவந்தது. அங்கே குழாயில் கிருமி இல்லாத தண்ணி வரும். குளோரின் வாடையும், பாத்திரத்தில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பும்தான் அவர்கள் பிரச்சினை. அதற்குத்தான் ஜக்குக்குள்ளே கரியும், கடினத்தன்மையைக் குறைக்கும் சின்ன மணிகளும் வைத்தார்கள்.

இதைத்தான் நாம புரிஞ்சுக்கணும். எந்த ஃபில்டரும் எல்லா அழுக்கையும் எடுக்காது. சாதாரண ஜக் வாடையை எடுக்கும், கிருமியைக் கொல்லாது, கடல் உப்பை எடுக்காது. இன்னொரு விஷயம்: கரி குளோரினை எடுத்துவிட்டால் அந்தத் தண்ணிக்குக் காவல் இல்லை. ஜக்கில் ரெண்டு நாள் தேங்கினால் கிருமி வளரும். அன்றன்றைக்குக் குடித்துவிட்டு, ஜக்கைக் கழுவி, கார்ட்ரிட்ஜை அட்டையில் போட்டிருக்கிற நாளில் மாற்றணும்.

கிருமி பயம் இருந்தால் தளதளன்னு கொதிக்கவைத்து ஆறவைப்பதே நிச்சயமான வழி. கொதித்தாலும் உப்பு போகாது. உப்புக்கு ஆர்.ஓ. மட்டும்தான். 2010-இல் காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குவதற்கு ஆலை திறந்தார்களே, அதற்கும் வைத்தது அதே மாதிரிச் சவ்வுதான். ஆனால் வீட்டு ஆர்.ஓ. பாதிக்கு மேல் தண்ணியைக் கழிவாகத் தள்ளும். அதைப் பிடித்துவைத்துப் பாத்ரூம் கழுவலாம்.

ஆகவே கடன் வாங்கும் முன்னே தண்ணியைப் பரிசோதியுங்கள். உப்பின் அளவை டி.டி.எஸ். என்பார்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணிக்கு வழியே இல்லை என்றால் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரம். 500-க்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை. டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கிருமிக்கு லேபில்தான் பார்க்கணும். ஒவ்வொரு வீடும் தனித்தனியா அலைய வேண்டாம். ஒரு தெருவுக்கு ஒரு குழு பொறுப்பு எடுத்தால் போதும்.

ஃபில்டர் விலை ஒரு தடவை. கார்ட்ரிட்ஜ் செலவு வருஷா வருஷம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் உள்கடன் கொடுக்கணும்.

கடைசியா ஒன்று. நம்ம வீட்டு ஃபில்டர் நம்ம பிள்ளையைக் காப்பாத்தும். பக்கத்து வீட்டில் வாங்க முடியாதவங்க பிள்ளையை யார் காப்பாத்துவது? 1914-இல் ஊர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு இன்னும் ஊருடையதுதான். பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்போம். தனியாக் கேட்டால் புலம்பல், பத்துக் குழு சேர்ந்து கேட்டால் கோரிக்கை. அதுக்குத்தானே கூட்டமைப்பு!