கண்ட வழியும் காட்டிய முடிபும்: கணிதக் கண்டறிநெறியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணித வரலாறு என்றதும் தேற்றங்களும் அவற்றைத் தந்த மேதைகளுமே பொதுவாக நினைவுக்கு வருகின்றனர். இன்ன தேற்றம் இன்ன ஆண்டில் இன்னாரால் நிறுவப்பட்டது என்ற அளவில் அவ்வரலாறு நின்றுவிடுகிறது. அவர் அதனை எவ்வழியாகக் கண்டடைந்தார், எங்கெங்கே தடுமாறினார், எவரெவருடன் கலந்துரையாடினார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கணிதம் கலைப்பீடத்தாருக்குப் புறம்பானது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. ஆயின் அறிவு எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவ்வாறு பகிரப்படுகிறது, எவரிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பன சமூக வரலாற்றுக்குரிய வினாக்களேயாம். அவ்வகையில், கணிதப் பிரசினங்களைத் தீர்க்கும் வழி பற்றிய சிந்தனை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், கணனியும் கூட்டு முயற்சியும் அதனுள் புகுந்து விளைவித்த மாற்றத்தையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறுவல் வேறு, கண்டறிதல் வேறு. நிறுவல் முடிந்த முடிபினை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டுவது. கண்டறிதலோ முடிபு இன்னதென்று தெரியாத நிலையில் ஊகித்தும் ஒப்பிட்டும் பிழைத்தும் திருத்தியும் முன்னேறுவது. இப்பின்னையதற்குத் துணைசெய்யும் உத்திகளை ஈண்டுக் கண்டறிநெறி எனக் குறிப்பிடுவோம். மேலைமொழிகளில் இதனைக் குறிக்கும் சொல்லும், ஆக்கிமிடீஸ் கூவியதாகச் சொல்லப்படும் ‘யூரேக்கா’ என்ற சொல்லும் ‘கண்டுபிடித்தல்’ எனப் பொருள்படும் ஒரே கிரேக்க வினையடியிற் பிறந்தவை.

இவ்வரலாறு ஆக்கிமிடீசிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான அவர், பரவளைவுத் துண்டமொன்றின் பரப்பு அதனுள் அமையும் முக்கோணியின் பரப்பின் மூன்றில் நான்கு மடங்காகும் என நிறுவினார். அந்நிறுவல் குறையற்றது, ஆயின் இவ்விகிதம் முதலில் அவருக்கு எவ்வாறு புலப்பட்டது என்பது அதிலிருந்து விளங்காது. எரத்தொஸ்தனிசுக்கு எழுதிய ‘முறை’ என்னும் நூலில் அவர் அதனை வெளிப்படையாகவே கூறியிருந்தார். உருவங்களை மெல்லிய கீற்றுக்களாக எண்ணி, நெம்புகோலொன்றின் இரு புறமும் அவற்றைத் தொங்கவிட்டுச் சமநிலைப்படுத்திப் பார்த்தே விடையை அறிந்ததாகவும், இவ்வாறு முன்னரே அறிந்துகொண்டால் நிறுவலைத் தேடுவது எளிதாகும் எனவும் அவர் விளக்கினார். அந்நூலுக்கு நேர்ந்த கதி சிந்தனைக்குரியது. 10ஆம் நூற்றாண்டிற் படியெடுக்கப்பட்ட அதன் தோற்சுவடி, 13ஆம் நூற்றாண்டிற் சுரண்டப்பட்டு, அதன்மேற் பிரார்த்தனைகள் எழுதப்பட்டன. 1906ஆம் ஆண்டிலேயே ஹைபேர்க் என்னும் தென்மார்க்கு அறிஞர் கொன்ஸ்தாந்திநோப்பிளில் அதனை இனங்கண்டார். முடிபுகள் வாழ்ந்தன, வழி பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது.

முன்னோர் தம் வழியை வேண்டுமென்றே மறைத்தனர் என்ற ஐயம் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. தெக்காட்டு தாம் முற்றுப்பெறாது விட்டுச்சென்ற ‘சிந்தனையை நெறிப்படுத்தும் விதிகள்’ என்னும் நூலில் இக்குற்றச்சாட்டை முன்வைத்தார். எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுவான வழியொன்றை வகுப்பதே அவருடைய அவா. அது கைகூடவில்லை எனினும், கண்டறியும் திறன் தெய்வ வரமன்று, கற்பிக்கக்கூடியது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

அக்கருத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் ஹங்கேரியரான ஜோர்ஜ் போல்யா. சூரிச்சில் நெடுங்காலம் கற்பித்து, 1940இல் ஐக்கிய அமெரிக்காவை அடைந்து, பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அவர், 1945இல் ‘எவ்வாறு தீர்ப்பது’ என்னும் சிறுநூலை வெளியிட்டார். பிரசினத்தை விளங்கிக்கொள்ளல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல் என்னும் நான்கு படிகளை அவர் வகுத்தார். தரவு யாது, காண வேண்டியது யாது, இதனையொத்த பிரசினமொன்றை முன்னர் கண்டதுண்டா, இதனிலும் எளியதொன்றை முதலில் தீர்க்க இயலுமா என்றவாறு ஆசிரியர் வினவ வேண்டும். நாளடைவில் மாணவர் தம்மைத் தாமே அவ்வாறு வினவிக்கொள்ளப் பழகுவர் என்பது அவர் துணிபு.

போல்யா பிறந்த 1887 டிசெம்பர் மாதத்திலேயே ஈரோட்டில் சீனிவாச இராமானுஜனும் பிறந்தார். இத்தற்செயல் ஒற்றுமையினும் இருவர்க்கும் இடையிலுள்ள வேற்றுமையே நமக்கு முக்கியமானது. கும்பகோணத்தில் மாணவனாயிருந்த இராமானுஜனின் கைக்குக் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த நூல். அது கேம்பிரிட்ஜ்ப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ்செய்த தனிப்போதனையாசிரியர் ஒருவரின் தொகுப்பு. ஏறத்தாழ 5,000 முடிபுகள், விளக்கமோ மிகச் சொற்பம். காகிதம் விலையுயர்ந்த பொருளாயிருந்தமையால் இராமானுஜன் சிலேற்றிற் கணித்து, முழங்கையால் அழித்து, முடிபை மாத்திரம் குறிப்பேட்டிற் பதிந்தார். அக்குறிப்பேடுகளை ஹார்டியிடம் இரவல் பெற்ற போல்யா, அவற்றை நிறுவ முற்பட்டால் தம் வாழ்நாளே கழிந்துவிடும் என்றஞ்சித் திருப்பிக் கொடுத்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. இராமானுஜனை வழியறியாத அற்புதமாகப் போற்றுவோர், அவ்வழி சிலேற்றில் இருந்தது என்பதையும், அதனை அழித்தது வறுமை என்பதையும் மறந்துவிடுகின்றனர்.

போல்யாவின் கருத்துக்கள் 1950களில் எதிர்பாராத திசையொன்றிற் கிளைத்தன. ஸ்ரான்போர்ட்டில் அவரிடம் பயின்ற அலன் நியூவெல், ஹேர்பேட் சைமன், கிளிஃப் ஷோ ஆகியோருடன் இணைந்து, கண்டறிநெறியைக் கணனிக்குக் கற்பிக்க முயன்றார். சாத்தியமான எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காது, பயன்தரத்தக்கவற்றைத் தெரிந்து தேடும் ‘தருக்கக் கோட்பாட்டாளன்’ என்னும் செய்நிரல் 1956இல் உருவாயிற்று. வைற்ஹெட்டும் றசலும் எழுதிய பெருநூலின் இரண்டாம் அதிகாரத்திலுள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ அது நிறுவியது. இங்கு வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க நிகழ்ச்சியொன்றுண்டு. செய்நிரல் இயந்திரத்தில் இயங்குமுன்னர், 1956 ஜனவரியில், சைமன் தம் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சில பட்டப்பின்படிப்பு மாணவரையும் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையைக் கொடுத்து, செய்நிரலின் ஒவ்வொரு பகுதியாக அவர்களை இயங்கச் செய்தார். தனிமனித மூளையின் மாதிரியாக எண்ணப்பட்ட இயந்திரம், முதன்முதலில் ஒரு மனிதக் கூட்டமாகவே இயங்கியது.

கண்டறிதலின் கூட்டுத்தன்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் மற்றொரு ஹங்கேரியரான இம்ரே லக்காத்தோஸ். போல்யாவின் நூலைத் தம் மொழியில் பெயர்த்தவரும் அவரே. 1963–64 காலப்பகுதியில் வெளிவந்து, அவர் மறைவின் பின் 1976இல் நூலுருப்பெற்ற ‘நிறுவல்களும் மறுப்புக்களும்’ ஒரு வகுப்பறை உரையாடலாக அமைந்தது. பன்முகத் திண்மமொன்றின் உச்சிகள், விளிம்புகள், முகங்கள் ஆகியவற்றைத் தொடர்புபடுத்தும் ஒயிலரின் தொடர்பை ஆசிரியர் நிறுவுகிறார். மாணவர் ஒருவர் எதிருதாரணம் காட்டுகிறார். மற்றவர் வரைவிலக்கணத்தைத் திருத்துகிறார். இன்னொருவர் அத்திருத்தத்தையே மறுக்கிறார். பல தலைமுறைக் கணிதவியலாளரிடையே நிகழ்ந்த விவாதத்தையே அவர் ஒரு வகுப்பறைக்குள் அமைத்துக் காட்டினார். பிழை கணித வளர்ச்சியின் உந்துவிசை என்பது இதனாற் புலனாயிற்று.

பிழைக்குரிய இம்மதிப்பைச் சிறுவர் கல்விக்குக் கொணர்ந்தவர் செமோர் பப்பேட். ஜெனீவாவிற் பியாஜேயுடன் பணியாற்றிய அவர், 1967இல் வேறு சிலருடன் சேர்ந்து ‘லோகோ’ என்னும் கணனி மொழியை ஆக்கினார். சிறுவர் கட்டளையிட, திரையில் ஓர் ‘ஆமை’ நகர்ந்து கோடு வரையும். உருவம் கோணலானால் புள்ளி குறைக்கப்படமாட்டாது. கட்டளையில் எங்கே தவறு என்று தேடித் திருத்துவதே பாடமாகும்.

எனினும், போல்யாவின் நெறிகளைப் பட்டியலாகக் கற்பித்தால் மாணவர் திறன்பெறுவர் என்ற நம்பிக்கை பொய்த்தது. அலன் ஸ்கொன்ஃபீல்ட் 1985இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதன் காரணத்தை விளக்கியது. ‘எளிய பிரசினமொன்றைத் தேடுக’ என்ற ஒரே அறிவுரை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு உத்திகளாக மாறுகிறது. எவ்வழியை எப்போது கைவிட வேண்டும் என்று தீர்மானிக்கும் திறனும் வேண்டும். அனைத்தினும் மேலாக, கணிதம் பற்றி மாணவர் கொண்டுள்ள நம்பிக்கை அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. சில நிமிடங்களுள் விடை வராவிடின் தம்மால் ஒருபோதும் இயலாது என்றெண்ணுவோர் முயற்சியையே கைவிடுவர். இத்திறன்களை ஏட்டிலிருந்து கற்றல் அரிது. பிறர் தேடுவதைக் கண்டும் பிறருடன் தேடியுமே பெற முடியும்.

கணனி வலையமைப்பு இதற்கு வாய்ப்பளித்தது. 2000களில் ஜெரி ஸ்ரால் முதலானோர் பிலடெல்பியாவில் நடத்திய ஆய்வில், வெவ்வேறு இடங்களிலிருந்த பாடசாலை மாணவர் சிறு குழுக்களாகத் திரையினூடாக எழுதியும் வரைந்தும் பிரசினங்களைத் தீர்த்தனர். ஒருவர் அரைகுறையாக விட்ட எண்ணத்தை மற்றவர் நிறைவாக்கிய முறை எழுத்திற் பதிவாகியது. அழிந்துபோகும் சிலேற்றுக்குப் பதிலாக அழியாத சிலேற்றொன்று கிடைத்தது எனலாம்.

இதன் மிகப்பெரிய எடுத்துக்காட்டு 2009இல் நிகழ்ந்தது. கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் திமதி கவர்ஸ், தேற்றமொன்றுக்குப் புதிய நிறுவல் காண உலகத்தாரை இணையத்தில் அழைத்தார். மூன்றுக்கு மூன்று கட்டங்களில் புள்ளடியும் வட்டமுமிட்டு ஆடும் விளையாட்டைப் பல பரிமாணங்களுக்கு விரிப்போம். மொத்தக் கட்டங்களில் எத்துணைச் சிறிய, ஆயின் மாறாத விகிதமொன்றைத் தெரிந்தெடுத்தாலும், பரிமாணம் போதியளவு உயரும்போது அவற்றுள் ஒரு நேர்வரிசை தவிர்க்கவியலாது அமையும் என்பதே அத்தேற்றத்தின் சாரம். முதல் நிறுவல் 1991இல் வந்தது. எளியதொரு நிறுவலே வேண்டப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு நேரத்தில் ஒரு சிற்றெண்ணத்தையே எழுத வேண்டும். அது பேதைமையாகத் தோன்றினும் தடையில்லை என்பன விதிகள். 37 நாட்களில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகளை எழுதினர். உயர்விருது பெற்ற கணிதவியலாளருடன் பாடசாலை ஆசிரியரும் அதிற் பங்குகொண்டனர். கட்டுரை ‘பொலிமத்’ என்னும் கூட்டுப் புனைபெயரில் 2012இல் வெளியாயிற்று. நிறுவலினும் பெறுமதி வாய்ந்தது, கைவிடப்பட்ட வழிகளும் அடங்கிய அத்தேடலின் முழுப்பதிவேயாகும்.

ஆயின் கணனி வழியைக் காட்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். அப்பெலும் ஹேக்கனும் 1976இல் நான்குநிறத் தேற்றத்தை ஆயிரம் மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட கணனி வேலையால் நிறுவியபோது, மனிதர் வாசித்துச் சரிபார்க்க இயலாத நிறுவலை நிறுவல் எனலாமா என்ற விவாதம் எழுந்தது. 2024இல் கூகுள் டீப்மைன்ட் நிறுவனத்தின் செய்நிரல்கள் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு பிரசினங்களில் நான்கைத் தீர்த்தன. மாணவர் வினாவை இட்டு விடையைப் பெறுவது இன்று எளிதாகிவிட்டது. தேடலை எல்லோருக்கும் திறந்துவைத்த கருவியே தேடலைத் தேவையற்றதாக்கவும் வல்லது.

இவ்வபாயம் நமக்குப் புதியதன்று. மாதிரி வினாத்தாளும் மாதிரி விடையும் தனியார் வகுப்புக் குறிப்பும் கணனி வருமுன்னரே நம் மாணவரைத் தேடலிலிருந்து விலக்கிவிட்டன. கரும்பலகையில் திருத்தமின்றி ஓடும் தீர்வைக் காணும் மாணவர், ஆசிரியர் அதனைத் தேடிக் கண்டதை ஒருபோதும் காண்பதில்லை. அதனால் கணிதம் தமக்கு வாய்க்காத வரம் என முடிவுசெய்து அகல்கின்றனர். மேதைமை பற்றிய இம்மயக்கம் யாருக்கு நன்மை பயக்கிறது என்பதும் வினவத்தக்கது. நல்ல போதனையை விலைகொடுத்து வாங்கக்கூடியோர் விடையைப் பெறுகின்றனர். ஏனையோர் தம்மையே குறைகூறிக்கொள்கின்றனர்.

ஆகவே, ஆசிரியர் தமக்கே விடைதெரியாத பிரசினமொன்றை மாணவர் முன்னிலையில் எடுத்துத் தடுமாறித் தேடுவதும், மாணவர் குழுக்களாகத் தேடித் தம் கைவிட்ட வழிகளையும் எழுதிவைப்பதும் வகுப்பறையில் இடம்பெறல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கணனி இன்றியமையாததன்று. சைமனின் குடும்பத்தார் கையில் இருந்தவை வெறும் அட்டைகளே. கணனி உள்ள இடத்தில், அதனிடம் விடையை வினவுமுன் நம் தேடலை அதிற் பதிந்துவைக்கும் பழக்கமே முதலில் வேண்டப்படுவது. வழியை அறிந்தோரே அவ்வழியே மேலும் நடக்க வல்லோர். முடிபை மட்டும் பெற்றோர், அடுத்த பிரசினம் வந்ததும் மீண்டும் பிறர் வாயிலிற் காத்துநிற்க வேண்டியவராவர்.