கறுப்பின்மேல் பொன்: மிதிவண்டி எழுத்துகளின் வரலாறு

பழைய மிதிவண்டி என்றதும் நம் நினைவில் எழுவது கறுப்பு நிறமும் அதன்மேல் மின்னும் பொன்னெழுத்தும்தான். அந்த எழுத்தைத் தூரிகை கொண்டு எழுதியவர் எவரோ என்று வியந்தவர்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அதை எவரும் எழுதவில்லை. காகிதத்தில் அச்சாகி, பின்னர் இரும்பின்மேல் இறங்கிய எழுத்து அது. ஆங்கிலேயர் அதை டிரான்ஸ்ஃபர் என்றனர். அமெரிக்கர் டெக்கால் என்றனர். நம் கடைவீதிகளில் அது ஸ்டிக்கர் ஆயிற்று.

இந்தக் கலை பிறந்தது மிதிவண்டிக்காக அன்று. லிவர்ப்பூல் நகரத்து அச்சுத் தொழிலாளர்களான ஜான் சாட்லர், கை கிரீன் ஆகிய இருவரும், ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் படம் பதித்துக் காட்டியதாக 1756இல் உறுதிமொழிப் பத்திரம் அளித்தனர். அதே நேரத்தில் நூறு ஓவியர் கூடினாலும் அவ்வளவு செய்ய இயலாது என்று சாட்சிகள் கையொப்பமிட்டனர். செதுக்கிய படம் தாளுக்கு வந்தது. தாளிலிருந்து ஓட்டுக்குச் சென்றது. நூறு ஓவியரின் கூலி என்ன ஆயிற்று என்பது அந்தப் பத்திரத்தில் இல்லை.

கறுப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. கீழ்த்திசை அரக்குப் பொருள்களைப் பார்த்து, தகரத்தின்மேல் கறுப்பு வார்னிஷ் பூசிச் சூளையில் இறுக்கும் தொழில் 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் வட்டாரத்தில் செழித்தது. ஜப்பானைப் பார்த்துச் செய்ததால் அதற்கு ஜப்பானிங் என்றே பெயர். இத்தொழிலில் பொருளீட்டிய ஒருவர்தான், 1757இல் விர்ஜிலின் நூலை அச்சிட்டுப் புகழ்பெற்ற ஜான் பாஸ்கர்வில். புத்தகப் பிரியர்கள் இன்றும் கொண்டாடும் எழுத்துருவின் பின்னே கறுப்புத் தட்டுகள் விற்ற பணம் இருக்கிறது.

கறுப்பும் பொன்னும் பின்னர் தையல் எந்திரத்தில் சேர்ந்தன. கவென்ட்ரி நகரில் தையல் எந்திரம் செய்துவந்த நிறுவனம் ஒன்று 1869இல் பெயரை மாற்றிக்கொண்டு மிதிவண்டி செய்யத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லிதான், 1885இல் இன்றைய மிதிவண்டியின் முன்னோடியான ரோவரை உருவாக்கியவர். பாட்டி வீட்டுத் தையல் எந்திரமும் தாத்தாவின் சைக்கிளும் ஒரே ஆடை உடுத்தியிருப்பதை வெறும் தற்செயல் என்று கொள்ள வேண்டியதில்லை.

இதற்கிடையில் அச்சுக்கலை வளர்ந்திருந்தது. செனஃபெல்டர் 1796இல் கண்ட கல்லச்சு, எங்கல்மான் 1837இல் உரிமம் பெற்ற வண்ணக் கல்லச்சாக விரிந்தது. 1860களில் இங்கிலாந்தின் வீடுகளில் அச்சுப்படங்களைப் பெட்டிகளிலும் ஜாடிகளிலும் இறக்கும் மோகம் பரவியது. டெக்கால்கோமேனியா என்ற பிரெஞ்சு வழிச் சொல் அவ்வாறே ஆங்கிலத்தில் குடியேறியது. அதன் குறுகிய வடிவமே டெக்கால்.

மிதிவண்டிக்கு இது ஏன் இன்றியமையாததாயிற்று? வைர வடிவச் சட்டகம் நிலைபெற்றபின், ஒரு நிறுவனத்தின் வண்டியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது சாதாரணக் கண்ணுக்கு எளிதாக இல்லை. எல்லாம் குழாய், எல்லாம் கறுப்பு. வேற்றுமையைச் சொல்லும் பொறுப்பு எழுத்தின்மேல் விழுந்தது.

அந்த எழுத்தை ஒட்டுவது எளிய வேலையன்று. பழைய முறையில், தாளில் உள்ள படத்தின்மேல் மெல்லிய வார்னிஷ் தடவி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதம் தவறினால் படம் வழுக்கும், அல்லது பிடிக்காது. பிறகு குழாயில் அழுத்தி, தாளின் முதுகை நனைத்து உரித்தெடுப்பார்கள். அடுத்து வந்தது நீரில் நழுவும் வகை. பசை பூசிய தாளைச் சிறிது நேரம் நீரில் இட்டால், படம் தாளை விட்டு நகரும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத குழாயில் அதை இறக்கி, நூல் பிடித்து நேர் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரையும் காற்றையும் ஒற்றி வெளியேற்ற வேண்டும். நன்கு காய்ந்தபின் வார்னிஷ் மெல்லிய பூச்சாக வர வேண்டும். ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் எழுத்து சுருங்கிப்போகும். ஓவியரின் கையை விலக்க வந்த தாள், கடைசியில் இன்னொரு கையின் பொறுமையைக் கேட்டு நின்றது.

இதில் நாம் கவனிக்காத நுட்பம் ஒன்றும் உண்டு. சங்கிலி இருக்கும் பக்கம் நின்று பார்த்தால், கீழ்க்குழாயில் உள்ள பெயர் மிதிகட்டையிலிருந்து கைப்பிடியை நோக்கி ஏறும். மறுபக்கம் சென்றால் அதே பெயர் கைப்பிடியிலிருந்து இறங்கும். நம் எழுத்து இடமிருந்து வலம் செல்வதால் வரும் விளைவு இது.

எழுத்து இடம்பெயர்ந்தது போலவே பெயர்களும் இடம்பெயர்ந்தன. பர்மிங்காமில் 1910இல் தொடங்கிய ஹெர்குலிஸ், 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் இணைந்து நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக அம்பத்தூருக்கு வந்தது. பி.எஸ்.ஏ.வும் வந்தது. அப்பெயரின் விரிவு பர்மிங்காம் சிறு ஆயுத நிறுவனம் என்பது. அதன் பழைய சின்னம் சாத்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். தாய்வீட்டில் அத்தொழிற்சாலைகள் மறைந்தன. பெயர்களோ இங்கே பள்ளிப் பிள்ளைகளின் வண்டிகளில் வாழ்ந்தன. ஒட்டுத்தாள் அது அச்சான இடத்தைவிட நீண்ட ஆயுள் பெற்றது.

இன்று இவ்வெழுத்துகள் ஒரு கேள்வியையும் நம்முன் வைக்கின்றன. பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் முதலில் செய்வது சுரண்டுவது. சுரண்டியதும் போவது எழுத்து. அதன்பின் புதிதாக அச்சிட்ட நகலை ஒட்டுகிறார்கள். பிரிட்டனில் 1955இல் தோன்றிய பழம் மிதிவண்டிச் சங்கம், இத்தகைய நகல்களைத் தன் உறுப்பினர்களுக்கு அளிக்கிறது. அதைக் குறைகூற முடியாது. ஆனால் மூலத்தின் அரைகுறை எழுத்து எஞ்சியிருக்கும்போது அதை அழித்துவிட்டுப் பளபளக்கும் நகலை ஒட்டுவது வேறு. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியபின் சுவடியை அடுப்பில் இடுவதற்கு அது நிகர்.

மங்கிய எழுத்து எவ்வளவு மங்கினாலும் அந்த வண்டியின் வயதை அது பொய்யின்றிச் சொல்லும். எழுத்தே எஞ்சாத சட்டகத்துக்கு நகல் ஒட்டலாம். நகல் என்ற குறிப்பை இருக்கைக் குழாயின் உள்ளே ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். நாளை அதைத் திறந்து பார்ப்பவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.