நாவிலிருந்து மின்கருவி வரை

சேர்வராயன் மலையில் வாழவந்தியைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள் உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார். பழத்தின் தோலை உரித்து, கொட்டையைப் புளிக்க வைத்துக் கழுவும் நீர் அமிலத்தன்மை உடையது. அதை அப்படியே ஓடையில் விடலாமா? எவ்வளவு அமிலம் என்று அறிவது எங்ஙனம்?

புளிப்பை நாக்கு அறியும். லிட்மசுத் தாள் சிவந்து காட்டும். ஆனால் இவை எண் கூறா. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பவர் பி.எச். என்னும் அளவுகோலை வகுத்தார். இதில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்காகும்.

மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் வேறுபட்ட கரைசல்கள் இருந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1906-இல் கிரமர் கண்டார். 1909-இல் ஹேபரும் கிளமென்சிவிச்சும் இதைக் கொண்டு கண்ணாடி மின்வாயை அமைத்தனர். ஆயினும் கண்ணாடியின் மின்தடை மிக அதிகமாதலால், அந்த மின்னழுத்தத்தை அளப்பது அரிதாக இருந்தது. 1934-இல் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க விரும்பிய நண்பருக்காக, வெற்றிடக் குழாய்களால் அதைப் பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். இன்றைய மின்னணுக் கட்டுப்படுத்திகளுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

கருவி வந்துவிட்டது, நம்பலாமா? 25° செல்சியசில் ஒரு பி.எச். படிக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும். 7-இல் சுழியம் என்றால் 4-இல் 177. மின்வாய் முதுமையடைந்து 165 மட்டும் தந்தால், கருவி 4.2 என்று காட்டும். சிறு பிழைதானே என்று எண்ண வேண்டாம்! அமிலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தோன்றும். எனவேதான் பி.எச். திட்டமாகத் தெரிந்த இரு தாங்கற் கரைசல்களில் மின்வாயை அடிக்கடி நனைத்து, கருவியைத் திருத்துகின்றனர்.

கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பதில் மலைவாசிகளுக்கு மற்றொரு சிக்கல் உண்டு. 1888-இல் விங்க்ளர் இதற்கு வேதியியல் முறை கண்டார்; 1950-களில் லேலண்டு கிளார்க் மின்வாய் அமைத்தார். இம்மின்வாயைக் காற்றிலேயே திருத்தலாம். ஆனால் எந்த ஊர்க் காற்று? 20° வெப்பத்தில், கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு, நீர் 7.6 மில்லிகிராம் அளவே கொள்ளும். இவ்வுயரத்தைக் கருவிக்குச் சொல்லாமல் ஏற்காட்டுக் காற்றில் திருத்தினால், 5 மில்லிகிராம் உள்ள ஓடையும் 6 எனத் தோன்றும். கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிப்பதற்குரிய நீர்நிலைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள குறைந்த அளவு 6 ஆகும். தகுதியற்ற ஓடை தகுதி பெற்றுவிடும்!

நாக்கு தவறினால் நமக்கே தெரியும். கருவி தவறினாலோ, அதே துல்லியமான இலக்கங்களில் பொய் சொல்லும். அதைக் காட்டிக் கொடுப்பது அளவு தெரிந்த ஒரு கிண்ணம் கரைசலே.