வெள்ளைத் தேனும் வேலிக்காத்தானும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன வாரம் என் அக்கா பேரன் அமெரிக்காவிலிருந்து வந்தான். ஹவாய்த் தீவுக்குப் போனபோது வாங்கியதாகச் சொல்லி ஒரு சின்ன பாட்டில் தேன் கொடுத்தான். திறந்தால் வெண்ணெய் போல வெள்ளையாக உறைந்திருந்தது. "சர்க்கரைப் பாகைத் தலையில் கட்டிட்டாங்க" என்றார் என் வீட்டம்மா. எனக்கும் அதே சந்தேகம்தான். பாட்டிலில் இருந்த மரத்தின் பெயரைத் தேடிப் படித்தேன். கியாவே. படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது நம் ஏரிக்கரை வேலிக்காத்தானின், அதாவது சீமைக் கருவேலத்தின், நெருங்கிய சொந்தம்!

கியாவே மரம் ஹவாய்க்குச் சொந்தமில்லை. தென் அமெரிக்க மரம். 1828-ல் பாதிரியார் பாச்செலோ என்பவர் பாரிஸ் அரசத் தோட்டத்து விதையிலிருந்து ஹொனலூலுவில் ஒரே ஒரு மரம் வளர்த்தார். ஆடு மாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பின. மழை குறைந்த கடலோரம் காடாகிவிட்டது. தேனீக்களும் அந்தத் தீவுக்கு வந்தேறிகளே. 1857-ல் கலிபோர்னியாவிலிருந்து கப்பலில் வந்தன.

வறண்ட நிலத்திலும் இந்த மரத்தின் வேர் ஆழத்துத் தண்ணீரைத் தேடிப் போய்விடும். சுற்றிலும் வேறு எதுவும் அதிகம் பூக்காது. அதனால் பெட்டியில் சேரும் தேன் பெரும்பாலும் ஒரே பூவின் தேன். காட்டுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர் யார்? அதனால் இயற்கைத் தேன் என்ற பெயரும் கிடைக்கிறது. ஆனால் எடுப்பவருக்கு நேரம் தவறக் கூடாது. இந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம். தாமதித்தால் அடையிலேயே உறைந்துவிடும்.

தேன் உறைந்தால் கலப்படம் என்று நாம் நினைப்பது தவறு. நல்ல தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். அதே போல, உறையாததாலேயே ஒரு தேன் சுத்தம் என்றும் ஆகிவிடாது.

இனி நம் ஊர்க் கதை. சீமைக் கருவேலத்தைக் காமராஜர்தான் கொண்டு வந்தார் என்று பலரும் சொல்வார்கள். நானும் ராசிபுரம் பக்கத்துப் பள்ளியில் வருஷக்கணக்கில் அப்படித்தான் சொன்னேன். உண்மை வேறு. 1876-ல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், வறண்ட பகுதிகளுக்காக இந்த விதையைக் கேட்டு அரசுக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை 1877-ல் வந்து சேர்ந்தது. கடப்பைப் பகுதியில் நட்டார்கள். நம் சேலம் ஜில்லாவையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் நடந்த காலம் அது. காமராஜர் முதலமைச்சரானது 1954-ல். பின்னாளில் விறகுக்காக இந்த மரத்தை மேலும் பரப்பினார்கள் என்பது உண்மை. ஆனால் மரம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பதவிக்கு வந்தவர் மேல் பழி போடுவது நியாயமா?

மரத்தை நான் வக்கீல் வைத்துக் காப்பாற்றவில்லை. ஏரியையும் ஓடையையும் அது அடைத்துக்கொண்டதை நாம் கண்ணால் பார்க்கிறோம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்குப் போனது. ஏரிக்குள் இருப்பதை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த முள்ளுக்குள் கொம்புத்தேன் கூடு கட்டியிருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோடையில் மற்ற செடியெல்லாம் காயும்போது தேனீக்கு அந்தப் பூதான் சோறு. வெட்டுகிற இடத்தில் வேம்பும் புங்கனும் நட்டால் தேனீ பிழைக்கும்.

கடைசியாக அந்த மன்னிப்பு. ஒருநாள் வகுப்பில் இந்தக் கதையை நான் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா சின்னப் பையனா இருக்கையிலயே இந்த முள்ளு இருந்துச்சாம் சார்" என்றான். "தெரியாம பேசாத, உட்காருடா" என்று அதட்டினேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று அவன் தலை குனிந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. உன் தாத்தா சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். என் வகுப்பில் படித்த மற்றவர்களும் உங்கள் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லிவிடுங்கள். வெள்ளைத் தேன் இன்னும் அரை பாட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு ஸ்பூன் உண்டு.