குதிரை, கழுதை, மாடு, எருமை: ஜெர்மன் ஆறுகளில் கப்பல் இழுத்த கதை

இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, வருமான வரிப் படிவம் பற்றி எழுதச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். "ஜெர்மனி போய் வந்தீர்களே, அதைப் பற்றி எழுதுங்கள் சார்" என்றார். சுற்றுலாக் கட்டுரை எனக்கு வராது. அங்கே கண்ட ஒரு பழைய கப்பலைப் பற்றியும், அது என் மனதில் கிளப்பிவிட்ட ஒரு கணக்கைப் பற்றியும் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நம் வாசல் கேட்டுக்கு வந்து சேர்வேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் டூயிஸ்பர்க் நகரில் இருக்கிறார்கள். ரைன் நதியோடு ரூர் நதி வந்து சேரும் இடம் அது. உலகின் மிகப்பெரிய உள்நாட்டுத் துறைமுகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. கடலே கண்ணில் படாத ஊரில் அத்தனை கப்பல்கள்! ரூரோர்ட் என்ற பகுதியில் உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பழைய பொது நீச்சல் குளக் கட்டடத்தைத்தான் அப்படி மாற்றியிருக்கிறார்கள். அருகே துறைமுகத்தில் 'ஆஸ்கர் ஹூபர்' என்ற நீராவி இழுவைக் கப்பல் கட்டி நிற்கிறது. 1922ல் கட்டியது. இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். சரக்கு ஏற்றுவதற்கு அதில் இடமே கிடையாது. பாய்லரும் இயந்திரமும் நிலக்கரியும்தான். பின்னால் கட்டிய பாரப்படகுகளை இழுப்பது மட்டுமே அதன் வேலை.

என் பேரன் சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இது வர்றதுக்கு முன்னாடி யார் இழுத்தாங்க?"

பதில் தெரியவில்லை. அன்று இரவிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆற்றில் நீரோட்டத்தோடு போவது சுலபம். படகு தானாகவே போய்விடும். ஆற்றை எதிர்த்து மேலே வருவதுதான் பாடு. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிக்கலாம். இல்லாவிட்டால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். ரைன் நதியில் இந்த வேலையைக் குதிரைகள் செய்தன. பாரம் ஏற்றிய பெரிய படகு என்றால் எட்டு, பத்து குதிரைகள் கூட வேண்டியிருக்கும். அவற்றுக்கென்றே கரையோரம் ஒரு பாதை இருந்தது. வெள்ளம் வந்தால் பாதை மூழ்கிவிடும், வேலை நின்றுவிடும். குதிரைக்காரர், லாயம் வைத்திருப்பவர், கயிறு திரிப்பவர், லாடம் அடிப்பவர், இரவு தங்கும் சத்திரக்காரர் என்று கரையோர ஊர்கள் பலவற்றுக்கு இதுதான் பிழைப்பு. எல்பே நதியின் சில பகுதிகளில் குதிரை கூடக் கிடையாது. தோளில் பட்டை மாட்டிக்கொண்டு மனிதர்களே வரிசையாக நின்று இழுத்தார்கள்.

இது போதாதென்று சுங்கம் வேறு. ரைன் கரையில் சற்றுத் தூரத்துக்கு ஒரு கோட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு வசூல். கௌப் என்ற ஊரில் ஆற்றின் நடுவிலேயே ஒரு சுங்கக் கோட்டை கட்டியிருக்கிறார்கள். இன்றும் பார்க்கலாம். அங்கே 1866 வரை வசூல் நடந்தது. கொலோன் நகரத்துக்கு 1259 முதல் ஒரு தனி உரிமை இருந்தது. அந்த வழியாகப் போகும் சரக்கை இறக்கி, ஊர்க்காரர்கள் வாங்குவதற்கு மூன்று நாள் விற்பனைக்கு வைத்துவிட்டுத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். ஆக, சரக்கின் விலையில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்தது.

இப்படி இருந்த ஆற்றில் 1816 ஜூன் மாதம் 'டிஃபையன்ஸ்' என்ற ஆங்கிலேய நீராவிக் கப்பல் கொலோன் வரை வந்து சேர்ந்தது. குதிரையும் இல்லை, பாயும் இல்லை. அதே ஆண்டு பெர்லினுக்குப் பக்கத்தில் ஜெர்மன் மண்ணிலேயே கட்டிய முதல் நீராவிக் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அடுத்த ஆண்டு, நம் பள்ளிப் புத்தகத்தில் வரும் ஜேம்ஸ் வாட்டின் மகன் 'கலிடோனியா' என்ற கப்பலை ரைனில் கோப்லென்ஸ் வரை ஓட்டிக் காட்டினார். கொலோன் வணிகர்கள் உஷாரானார்கள். பங்கு சேர்த்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியின் 'கன்கார்டியா' 1827 மே 1ஆம் தேதி முதல் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே முறையாக ஓட ஆரம்பித்தது.

குதிரைக்காரர்கள் அப்போது பெரிதாகக் கலங்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கப்பல்களில் போனவர்கள் பயணிகள். கூடவே அவசரச் சரக்கு கொஞ்சம். நிலக்கரி, கல், தானியம் போன்ற கனமான சரக்கெல்லாம் இன்னும் குதிரையை நம்பித்தான் இருந்தது.

நிலைமையை மாற்றியது இழுவைக் கப்பல். ம்யூல்ஹைம் ஊரில் மத்தியாஸ் ஸ்டின்னஸ் என்று ஒருவர். 1808ல் படகும் நிலக்கரி வியாபாரமுமாகத் தொழிலைத் தொடங்கியவர். 1843ல் தன் பாரப்படகுகளை இழுக்க ஒரு நீராவிக் கப்பலை ரைனில் இறக்கினார். வணிகவியல் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நிலக்கரி விலை மலிவு, எடை அதிகம். அப்படிப்பட்ட சரக்கில் விலையைத் தீர்மானிப்பது சரக்கு அல்ல, கூலி. குதிரைக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீனி போட வேண்டும். கப்பலுக்கு ஓடும்போது மட்டும்தான் தீனி. அதுவும் என்ன தீனி? அது இழுத்துப் போகும் அதே நிலக்கரி! மேலும் இயந்திரத்தைப் பாரப்படகிலிருந்து பிரித்துவிட்டதால், மேலே சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இழுவைக் கப்பல் சும்மா நிற்க வேண்டாம். வேறு படகுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். லாரியிலிருந்து இழுக்கும் முன்பகுதியைக் கழற்றி அடுத்த பாரத்துக்கு மாட்டுவது போலத்தான்.

சட்டமும் வழிவிட்டது. ரைன் நதிக்கென்று பல நாடுகள் சேர்ந்த ஓர் ஆணையம் 1815ல் வியன்னா மாநாட்டில் முடிவாகியிருந்தது. 1831ல் மைன்ஸில் போட்ட ஒப்பந்தத்தோடு கொலோனின் மூன்று நாள் உரிமை போனது. 1868ல் மன்ஹைம் ஒப்பந்தம் ரைன் சுங்கத்தையே எடுத்துவிட்டது. அந்த ஆணையம் இன்றும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இயங்குகிறது.

பேரேட்டின் ஒரு பக்கம் இவ்வளவும் வரவு. மறுபக்கம்?

1848ல் ஐரோப்பா முழுவதும் புரட்சிக் காலம். அந்த வசந்தத்தில் ரைன் கரைக் குதிரைக்காரர்களும் கிளம்பினார்கள். இழுவைக் கப்பல்களைத் தடை செய்யக் கேட்டார்கள். கரையில் நின்று, போகிற கப்பல்களை நோக்கிச் சுட்டார்கள். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். நாங்கள் யாரையும் சுடவில்லை. ஆனால் பேட்ஜ் குத்திக்கொண்டு வாசலில் நின்று கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். எங்கள் லெட்ஜர் பிரிவில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். நீளமான தொகை வரிசையைச் சுட்டுவிரலால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுத்துக் கூட்டுத்தொகை சொல்லிவிடுவார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். கிளையில் அவருக்கு என்று ஒரு மதிப்பு. கம்ப்யூட்டர் வந்தது. அவருடைய வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் அந்த விரலுக்கு வேலை இல்லாமல் போனது. பிற்பாடு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது முதலில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு கடைசி வரை இருந்தேன். எங்கள் போராட்டம் தவறு என்று இன்று சொல்வது எளிது. அதனால் பயன் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் போட்டு, பயிற்சி கொடுத்து, ஆட்களை வெளியே அனுப்பாமல் செய்தார்களே, அது அந்தக் கோஷத்தால்தான் கிடைத்தது என்பது என் எண்ணம். ரைன் குதிரைக்காரர்களுக்கு அப்படி ஏதும் கிடைத்ததாக நான் படிக்கவில்லை. கப்பல்கள் நிற்கவில்லை, குதிரைகள்தான் கரையிலிருந்து படிப்படியாகப் போயின.

மற்ற ஆறுகளுக்குப் போவோம். எல்பே, நெக்கர், மைன் போன்றவை ரைனைவிடச் சின்னவை. ஆழம் குறைவு, துடுப்புச் சக்கரக் கப்பலுக்குச் சரியாக வராது. அதற்கு ஒரு விசித்திரமான வழி கண்டார்கள். ஆற்றின் அடியில் நீளமாக ஓர் இரும்புச் சங்கிலியைப் போட்டுவிட்டார்கள். கப்பல் தன் முன்பக்கம் அந்தச் சங்கிலியைத் தூக்கி, நடுவில் உள்ள உருளைகளில் சுற்றி, பின்பக்கம் மறுபடி ஆற்றில் விட்டுக்கொண்டே முன்னேறும். கிணற்றுக் கயிற்றைப் பிடித்து மேலே ஏறுகிறவனைப் போல. தண்ணீரைத் தள்ளினால் பாதி பலம் வீணாகும். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் வீணாவது குறைவு. ஒரே சங்கிலியில் இரண்டு கப்பல் எதிரெதிரே வந்தால்? சங்கிலியில் இடைவெளி விட்டுப் பூட்டு வளையங்கள் உண்டு. அதைக் கழற்றி, ஒன்று விலகி மற்றதற்கு வழிவிட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை.

1866ல் மக்டபர்க் நகரில் சிறிய தூரத்துக்குத் தொடங்கினார்கள். டிரெஸ்டனில் எவால்ட் பெல்லிங்ராத் என்பவர் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தார். 1874க்குள் ஹாம்பர்க்கிலிருந்து இன்றைய செக் நாட்டுக்குள் இருக்கும் ஆஸிக் வரை 650 கிலோமீட்டருக்கு மேல் சங்கிலி கிடந்தது. தோளில் பட்டை மாட்டி இழுத்தவர்களின் காலம் அதோடு முடிந்தது. நெக்கர் நதியில் 1878ல் மன்ஹைம் முதல் ஹைல்பிரான் வரை 113 கிலோமீட்டர் சங்கிலி போட்டார்கள். மைன் நதியில் 1886ல் தொடங்கினார்கள்.

மக்கள் இவற்றுக்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. நெக்கர் கப்பலின் ஊதல் கழுதை கத்துவது போல் இருந்ததாம். அதனால் அது 'நெக்கர் கழுதை'. மைன் கப்பல் மாடு மாதிரிக் கத்தியதால் 'மைன் மாடு'. குதிரையை விரட்டிவிட்டு வந்த இயந்திரத்துக்குக் கழுதை, மாடு என்று பெயர் வைத்து அதையும் வீட்டில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெக்கர் படகுக்காரர்களின் தொழிலை ரயில் வந்து படுக்கப் போட்டிருந்தது. சங்கிலிக் கப்பல் வந்த பிறகுதான் அவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். கரையில் குதிரை வைத்திருந்தவனுக்கு நஷ்டம்; ஆற்றில் படகு வைத்திருந்தவனுக்கு அதே கப்பல் உயிர் கொடுத்தது. ஒருவர் பற்று இன்னொருவர் வரவு என்பது இதுதான்.

கழுதையும் மாடும் நிலைக்கவில்லை. ஆறுகளில் அணையும் மதகும் கட்டி ஆழப்படுத்தியதும் சங்கிலிக்கு அவசியம் இல்லாமல் போனது. நெக்கரில் 1935, மைனில் 1936 என்று கதை முடிந்தது. பிறகு ரைனின் பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் அதே கதி. பாரப்படகிலேயே டீசல் இயந்திரம் வைத்துக்கொண்டார்கள். 1957ல் புதிதாக ஒன்று வந்தது. அது படகுகளைப் பின்னால் கட்டி இழுப்பதில்லை. ஒன்றாகப் பிணைத்துப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி நதியில் பழகிய முறை. இழுக்கிற காலத்தில் ஒவ்வொரு பாரப்படகிலும் சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும். பலர் குடும்பத்தோடு படகிலேயே குடியிருந்தார்கள். தள்ளுகிற முறையில் பாரப்படகு வெறும் இரும்புப் பெட்டி. ஆளே வேண்டாம். இன்று அப்படி ஆறு படகுகளைச் சேர்த்து சுமார் 16,000 டன் சரக்கை ஒரே கப்பல் தள்ளிப் போகிறது. முதலில் வந்த அந்தத் தள்ளு கப்பலுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'வாஸர்பியூஃபல்'. நம் ஊர் நீர் எருமைதான்!

நான் பார்த்த ஆஸ்கர் ஹூபர் 1966 வரை ஓடியது. குதிரையை விரட்டிய வம்சத்தின் கடைசி வாரிசு, எருமையிடம் தோற்று ஓய்வு பெற்றது. எனக்கு அதன் மேல் ஏற்பட்ட பாசத்துக்குக் காரணம் புரிகிறதல்லவா? நீராவிக் கப்பலில் போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்கள் டிரெஸ்டன் போகலாம். எல்பே நதியில் 1879ல் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல் இன்னும் பயணிகளை ஏற்றிப் போகிறது.

இனி நம் வாசல் கேட். வரும் பொதுக்குழுவில் தானியங்கித் தடுப்பும் கேமராவும் வைத்து, இரவுக் காவலர்கள் இருவரை நிறுத்துவது பற்றித் தீர்மானம் வருகிறது. சுற்றறிக்கையில் உள்ள கணக்கைச் சரிபார்த்தேன். கூட்டலில் தவறு இல்லை. எவ்வளவு மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பதும் சரியாகவே இருக்கிறது. கேட் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டருக்கு எதிராகக் கோஷம் போட்டுவிட்டு, இன்று செல்போனிலேயே பென்ஷன் பார்ப்பவன் நான்.

ஆனால் அந்தத் தாளில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக நம் வாசலில் நின்றவர்களுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி இல்லை. முன்கூட்டியே சொல்லி, சில மாதச் சம்பளம் கொடுத்து, பக்கத்துக் குடியிருப்புகளில் வேலைக்குச் சொல்லிவிட நம்மால் முடியும். அந்தச் செலவையும் எழுதிய பிறகு லாபம் எவ்வளவு என்று பார்ப்போம். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைச் சேர்த்த திருத்தத் தீர்மானத்தை நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். யாராவது முன்வந்தால், பொதுக்குழுவுக்கு முன் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஆஸ்கர் ஹூபர் படங்களையும் காட்டுகிறேன்.